இலை நுனியில் ஒரு கொக்கி

கொடிகள் மேலே ஏறுவதற்கு எத்தனை வழி வைத்திருக்கின்றன, யோசித்திருக்கிறீர்களா பிள்ளைகளே? அவரைக்கொடி தன் தண்டையே கம்பில் சுற்றிச் சுற்றி ஏறும். பாகல் பற்றுக்கம்பி விட்டு ஏறும். வெற்றிலை கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும். இந்த மூன்றிலும் சேராத கொடி ஒன்று கீழப்பாவூர்ப் பக்கத்து வேலிகளில் உண்டு. அது தன் இலை நுனியையே கொக்கியாக்கி ஏறுகிறது. அதுதான் காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர்.

ஊரில் போய்க் காந்தள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கண்வலிப்பூ என்று சொல்லுங்கள், ஆச்சிகள் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். நாட்டு வைத்தியர்கள் கலப்பைக்கிழங்கு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கார்த்திகைப்பூ. தாவரவியல் புத்தகத்தில் குளோரியோசா சூப்பர்பா. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார் அல்லவா, அந்த வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய்க்குள் புகுந்து குற்றாலத்தில் சாரலாக விழும்போது, கிழக்கே இருக்கிற நமக்குக் காற்றுதான் நிறைய வரும், தூறல் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே காந்தளுக்குப் போதும். ஆனி, ஆடியில் கிளுவை வேலியின் அடியில் பச்சையாக ஒரு முளை தலைகாட்டும். முதலில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிமிர்ந்த தண்டு, அதில் நாலைந்து அகன்ற இலைகள், அவ்வளவுதான். கொக்கியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

இந்த இடத்தில்தான் சார்லஸ் டார்வின் வருகிறார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன அதே டார்வின். ஏறுகொடிகள் எப்படி அசைகின்றன என்று வீட்டிலேயே செடி வளர்த்து, பொறுமையாகப் பார்த்துப் பார்த்து எழுதிய ஆராய்ச்சியை அவர் 1865இல் வெளியிட்டார். பிறகு அது தனிப் புத்தகமாகவும் வந்தது. அவர் வளர்த்த செடிகளில் காந்தள் வகை ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஒரு பக்க அளவுதான். ஆனால் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நாம் ஒரு பருவம் முழுக்க வேலியடியில் உட்கார்ந்திருக்கலாம்.

அவர் கண்டதைச் சொல்கிறேன். சாண் உயரத்துக்கும் குறைவாக இருக்கும்போது செடி தானாகவே நிற்க முடியும். அப்போது வரும் இலைகள் அகலமாக இருக்கும், நுனி மென்மையாக இருக்கும், எதையும் பற்றாது. உயரம் கூடக்கூடத் தண்டு தள்ளாட ஆரம்பிக்கும். அதன் பிறகு வரும் இலைகளைப் பாருங்கள்: நுனி நாடாபோல் நீண்டு, கெட்டிப்பட்டு, மெல்லக் கீழ்நோக்கி வளைந்து கொக்கியாகிவிடும். தண்டின் மேல் பகுதியும் சும்மா நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுற்றிச்சுற்றித் துழாவிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்குச் சில மணி நேரம் ஆகும். அப்படித் துழாவும்போது கொக்கியின் உட்புறம் ஒரு குச்சியில் பட்டுவிட்டால் போதும். அந்தத் தொடுகை தெரிந்து நுனி இன்னும் உள்ளே வளைந்து குச்சியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நரம்பும் கிடையாது, மூளையும் கிடையாது. வெளிப்பக்கத்துச் செல்கள் வேகமாக நீள, உள்பக்கத்துச் செல்கள் பின்தங்க, இலை வளைகிறது.

ஒன்றும் அகப்படாத கொக்கி என்னவாகும்? நெடுநேரம் திறந்தே காத்திருக்கும். கடைசியில் அதுவாகவே உள்ளுக்குள் சுருண்டு தட்டையான சுருளாகிவிடும். வேலியில் அப்படிச் சுருண்ட நுனிகளைப் பார்த்தால், எதுவும் கிடைக்காமல் போன கொக்கி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனித்தான். செடி முழு உயரம் வளர்ந்து உச்சியில் பூக்கத் தொடங்கியதும், அந்த உச்சியில் இருக்கும் இலைகளுக்குக் குச்சியைப் பற்றும் ஆற்றல் இல்லை என்கிறார் டார்வின். இனி ஏற வேண்டியது இல்லையே! அதாவது அடியில் உள்ள இலைக்குப் பற்றும் ஆற்றல் இல்லை, நடுவில் உள்ளதற்கு உண்டு, உச்சியில் மறுபடி இல்லை. ஒரே செடியில் மூன்று விதம். புத்தகத்தை நம்ப வேண்டாம், வேலிக்குப் போய் நீங்களே அடியிலிருந்து எண்ணிக்கொண்டு போங்கள். டார்வின் வளர்த்தது கண்ணாடி வீட்டுச் செடி. நம்முடையது வெயிலும் காற்றும் ஆடும் தின்ற செடி. கொஞ்சம் முன்பின் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

இப்படி நான் வேலியோரம் குனிந்து நின்றபோது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான்.

"மாமா, அதப் பாக்காதீங்க. கண்ணு வலிக்கும்."

"யாருல சொன்னா?"

"எங்க ஆச்சி."

"நீ பாத்திருக்கியா?"

"பாத்துட்டுதான சொல்லுதேன்!"

"வலிச்சுதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இல்ல. ஆனா ஆச்சி சும்மா சொல்லமாட்டா."

பையன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பூவைப் பார்ப்பதால் கண் வலிக்காது, அது நிச்சயம். ஆனால் சிறுவர்களை அந்தச் செடியிடமிருந்து தள்ளி வைக்க ஆச்சிக்குக் காரணம் இருந்தது. கிழங்கு முதல் விதை வரை அந்தச் செடி முழுக்க நஞ்சு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் பூவைப் பார்த்துவிடுவோம், பார்ப்பதற்குத் தடை இல்லை என்றான பிறகு.

மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் கீழ்நோக்கி விரியாமல் பின்பக்கமாக மடங்கி வானத்தைப் பார்க்கும். இதழ்களின் ஓரம் நெளிநெளியாக இருக்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், அடியில் மஞ்சள் மிஞ்சும். கடைசியில் முழுவதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நாலு பூ இருந்தால், நிறத்தை வைத்தே எது மூத்தது, எது இளையது என்று சொல்லிவிடலாம்.

இதழ்களை விட்டுவிட்டு நடுவே பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் பூவைச் சுற்றிப் பக்கவாட்டில் அகல விரிந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் நீளமான மகரந்தப்பை குறுக்கே தொங்கி லேசான காற்றுக்கும் ஆடும். பச்சையான சூலகம் நேர்கீழே இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் சூல்தண்டு மட்டும் நேராகப் போகவில்லை. அடியிலேயே செங்கோணமாக ஒடிந்ததுபோல் மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. கணக்கு டப்பாவில் இருக்கும் மூலைமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள், ஏறக்குறைய 90 பாகை வரும். பூவுக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பூவும் அப்படித்தான்.

ஏன் இந்த மடக்கு? ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்தால் கலப்பு நடக்காது. வேறு செடியிலிருந்து வந்து விழுந்தால்தான் பிள்ளைச் செடிகளில் புதுப்புதுக் குணங்கள் சேரும். அதனால் சூல்முடியை மகரந்தப்பைகளிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது செடி. சரி, அப்படியானால் யார் கொண்டுவந்து சேர்ப்பது? பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் வருகின்றன. தேன் இருப்பது இதழ்களின் அடியில். தென்னாப்பிரிக்காவில் இதே காந்தளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஒரு கட்டுரை, மகரந்தம் பட்டாம்பூச்சியின் இறக்கையில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று காட்டியது. தேனுக்காகப் பூச்சி நடுவே உட்கார்ந்து இறக்கையை அடிக்கும்போது, அகல விரிந்திருக்கும் மகரந்தப்பையும் ஒரு பக்கம் நீட்டியிருக்கும் சூல்முடியும் அந்த இறக்கையில் உரசுகின்றன. பூச்சியின் காலிலும் வாயிலும் மகரந்தம் ஒட்டும் பூக்கள் ஆயிரம் உண்டு. இறக்கையை நம்பும் பூக்கள் மிகக் குறைவு.

இதே மடக்கு மனிதர்களுக்குப் பெரிய வேலை வைத்துவிட்டது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் காந்தளை ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். விற்பனைக்கு வேண்டியது பூ அல்ல, விதை. வயல் முழுக்க ஒரே நேரத்தில் பூத்தால் வருகிற பட்டாம்பூச்சிகள் போதாது. அதனால் காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், மகரந்தத்தை எடுத்து ஒவ்வொரு பூவின் சூல்முடியிலும் கையால் தடவிவிடுகிறார்கள். பூ ஒன்றுக்குத் தடவல் ஒன்று. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். விதை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற ஆண்டுகளும் உண்டு, வாங்க ஆள் இல்லாமல் மூட்டை தேங்கிய ஆண்டுகளும் உண்டு. மருந்துக் கம்பெனிகளுக்காக அந்த விதை வெளிநாடுகளுக்கும் போகிறது.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மார்கழி, தை ஆனால் கொடி மஞ்சளாகிக் காய்ந்து விழுந்துவிடும். செத்துவிட்டது என்று வேலியைச் சுத்தம் செய்பவர்கள் இழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் கீழே கிழங்கு உயிரோடு தூங்குகிறது. ஆங்கில எழுத்து 'வி' போல இரண்டு கையாகப் பிரிந்து, உழுகிற கலப்பையை நினைவுபடுத்தும் கிழங்கு. அதுவும் பழைய கிழங்கு அல்ல. ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டின் கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகிறது. கொடி தயாரித்த உணவில் பக்கத்திலேயே புதுக் கிழங்கு உருவாகிவிடுகிறது. அதன் கை ஒவ்வொன்றின் நுனியிலும் முளைக்கண் ஒன்றே ஒன்று. உருளைக்கிழங்கில் இருப்பதுபோல் அங்கங்கே கண் கிடையாது.

இந்தத் தூக்கம்தான் காந்தளை இவ்வளவு ஊர்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. குற்றால மலையடிவாரத்திலும் வளர்கிறது, வேதாரண்யத்துக் கடற்கரை மணலிலும் வளர்கிறது. ஒன்று மலை, மற்றது கடல். கேட்டால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை இரண்டு உண்டு. மழைத்தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும் மண், பிறகு நீண்ட வறட்சி. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். வறட்சி வந்தால் அதற்குக் கவலை இல்லை, படுத்துக்கொள்ளும். நம் வயல்களுக்குள் காந்தள் இறங்காமல் வேலியோடு நின்றுவிடுவதற்கு இந்தத் தண்ணீர்க் கணக்கும் ஒரு காரணம், உழவு இன்னொரு காரணம்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரைக்கு அழகுச் செடியாகக் கொண்டுபோனார்கள். தோட்டத்திலிருந்து தப்பி மணல்மேடுகளில் பரவி, இன்று அங்கே அது களை. பிடுங்கச் சொல்லி அரசாங்கமே அறிவிப்பு வைக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கோ அதுதான் தேசிய மலர்.

இனி நஞ்சு. ஆச்சி மறைத்துச் சொன்னதை நாம் நேராகவே பேசலாம்.

நம் உடம்பு வளர்வது எப்படி? ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. பிரிவதற்கு முன்னால் செல், தன் குரோமோசோம்களையெல்லாம் நகலெடுத்து இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பிறகு பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் இழுத்துப் போக வேண்டும். இழுப்பதற்கு மெல்லிய இழைகள் வேண்டும். அந்த இழைகளை டியூபுலின் என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து உருவாக்குகின்றன. நீங்கள் ரயில் விளையாடும்போது முன்னால் நிற்பவனின் சட்டையைப் பின்னால் வருபவன் பிடிக்க, அவன் சட்டையை அடுத்தவன் பிடிக்க, ரயில் நீண்டுகொண்டே போகும் அல்லவா? கடைசிப் பையன் முதுகில் ஒரு பெரிய பெட்டியைக் கட்டிவிட்டால்? அவன் சட்டையை யாராலும் பிடிக்க முடியாது, ரயில் அதோடு நின்றுவிடும். அந்தப் பெட்டிதான் கால்சிசின். காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதிகமாக இருக்கும் பொருள் இதுதான்.

இழை இல்லாவிட்டால் செல் பிரிய முடியாது. கால்சிசின் உடம்புக்குள் போனால் முதலில் அடிபடுவது அடிக்கடி பிரியும் செல்கள். குடலின் உட்சுவரில் செல்கள் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும், அதனால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உண்டாவது தடைப்படும். பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், முடிவேரின் செல்களும் வேகமாகப் பிரிபவைதானே. இலங்கையிலும் நம் ஊரிலும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. அதனால் செடியைத் தொட்டுப் பார்த்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தப்பித்தவறி வாயில் போட்டுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும், அதுதான் ஆபத்து.

அப்படியானால் செடிக்கே ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. செடிகளின் டியூபுலின் நம்முடையதைப் போன்றது அல்ல, கால்சிசின் அதில் எளிதில் ஒட்டாது. காந்தளின் இனத்தில் அது இன்னும் கடினம்.

காந்தளுக்கு ஐரோப்பாவில் ஓர் உறவுக்காரச் செடி உண்டு. கால்சிக்கம் என்று பெயர், ஊதா நிறப் பூ. 1820இல் பெல்லெத்தியே, கவெந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். பெயரும் அந்தச் செடியிலிருந்தே வந்தது. காலின் பெருவிரல் மூட்டு திடீரென்று வீங்கித் துடிக்க வைக்கும் 'கவுட்' நோய்க்கு, மிகச் சிறிய அளவில், டாக்டர்கள் இன்றும் கால்சிசின் மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கே யூரிக் அமிலப் படிகங்களைத் தாக்க ரத்த வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடிவருவதால்தான் வீக்கம். நகர்வதற்கு அவற்றுக்கும் அந்த இழைகள் வேண்டுமே! இழை குலைந்தால் ஓட்டம் நின்று வீக்கம் வடிகிறது. 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் சிறு அளவு கால்சிசினுக்கு அனுமதி கொடுத்தது. மூலனூர் வயலில் விளையும் விதைக்கு வெளிநாட்டில் மதிப்பு இருப்பது இதனால்தான். மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடையே இதில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. அதனால் வீட்டில் இடித்துக் கொடுக்கும் கைவைத்தியத்துக்கு இது ஆகவே ஆகாது.

செல் பிரிவதைத் தடுக்கும் பொருளை வைத்து வேறென்ன செய்யலாம்? 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இருவர் அதைச் செடிகளில் போட்டுப் பார்த்தார்கள். குரோமோசோம்கள் இரட்டிப்பாகிவிட்டன, ஆனால் இழுத்துப் பிரிக்க இழை இல்லாததால் அத்தனையும் ஒரே செல்லுக்குள் தங்கிவிட்டன. இரண்டு மடங்கு குரோமோசோம் கொண்ட செடி கிடைத்தது! இதை ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா தர்ப்பூசணியில் பயன்படுத்தினார். சாதாரணத் தர்ப்பூசணிக்குக் குரோமோசோம் 22. (காந்தளுக்கும் 22தான், அது வெறும் தற்செயல்.) கால்சிசின் போட்டால் 44 உள்ள செடி. 44ஐயும் 22ஐயும் கலந்தால் பிள்ளைக்கு 33. விதை உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டும். மூன்று தொகுதி எப்படி ஜோடி சேரும்? சேராது. விதை முற்றாது. விதையில்லாத் தர்ப்பூசணி பற்றிய அவருடைய ஆய்வு 1951இல் வந்தது. கோடையில் விதையைத் துப்பாமல் நீங்கள் தின்னும் பழத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

குற்றாலத்துச் செடிகளைப் பற்றிப் பேசும்போது ராபர்ட் வைட் என்ற டாக்டரை விட முடியாது. 1830களில் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தபோது குற்றால மலையில் ஏறி ஏறிச் செடி சேகரித்தவர். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். அன்றைக்குக் கேமரா கிடையாது. இதழ் எத்தனை, இலை எங்கே மடங்குகிறது என்று எண்ணி எண்ணித்தான் வரைய வேண்டும். போனில் படம் எடுப்பது சுலபம்தான், ஆனால் சூல்தண்டு செங்கோணத்தில் மடங்கியிருப்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

ஆகவே இந்தச் சாரலில் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போங்கள். பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், கிளுவை வேலியில் பாம்பும் இருக்கும். செடிக்கு அருகில் குச்சி ஒன்றை ஊன்றி, எந்த இலையின் கொக்கி அதைப் பிடிக்கிறது, பிடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். வரைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள். கிழங்கை மட்டும் தோண்டாதீர்கள். நுனி ஒடிந்த கிழங்கு அடுத்த ஆண்டு முளைக்காது.